மரம் அறுக்கும் மேசைக்குப் புது சுவிட்ச்

மலேசியாவின் மெர்லிமாவ் ஊரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பணம் கட்ட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் புது சுவிட்சைக் கையில் வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் நின்றவர் திரும்பினார்.

"எதுக்கும்மா இது?"

"மரம் அறுக்குற மிஷினுக்குண்ணே. பழைய சுவிட்ச் உடைஞ்சு போச்சு."

"பழைய மிஷினுக்கு சுவிட்ச் எதுக்குலா? வயர டைரக்டா முறுக்கி விட்டா ஓடும்."

"அப்படித்தான் என் வீட்டுக்காரரு முறுக்கி விட்டாரு. நடுவுல கரண்ட் போச்சு. சிக்கின கட்டைய எடுக்கக் கைய விட்டாரு. கரண்ட் வந்து பிளேடு தானா சுத்திருச்சு."

முன்னால் நின்றவர் கையிலிருந்த ஆணிப் பொட்டலத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு மறுபடி திரும்பினார்.

"இப்ப யாரும்மா அறுக்கப் போறா?"

"மிஷின விக்கப் போறோம். வாங்குறவருக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு அவருதான் இத வாங்கிட்டு வரச் சொன்னாரு. ஸ்க்ரூ நான்தான் முடுக்கணும். அவரு பக்கத்துல உக்காந்து சொல்லுவாரு."