சின்னமனூர் ரோட்டில் ஓசிச் சவாரி

இரவு பன்னிரண்டரை மணி. சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் போகிற ரோடு. ஆடி மாதம்… நேர் எதிர்க்காற்று.

ஜன்னல் அடித்துக்கொள்கிறதே என்று யாரும் எழுந்திருக்க வேண்டாம். காற்றுதான். கரண்டும் இப்போதைக்கு வராது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விடிந்ததும் எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறோம், அதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். நம் அஸ்லம் இருக்கிறானே, அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. போன வருஷம்.

பெயர் ராஜா முகம்மது. கம்பத்தில் பெயிண்ட் கடை. ஆள் நல்ல அகலம். கதவைப் பெயர்த்து சைக்கிளில் உட்கார வைத்த மாதிரி இருப்பார். அதுதான் அவருக்குப் பிடித்த சனியன்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். காற்றில் ஓட்டும்போது முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான். அவன் பின்சக்கரத்தை ஒரு சாண் விட்டு ஒட்டிப் போகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். அதனால் மாறி மாறி முன்னால் போக வேண்டும். முன்னால் இருப்பவன் முழங்கையை ஒரு வெட்டு வெட்டினால், ‘என் முறை முடிந்தது, நீ வா’ என்று அர்த்தம். பின்னால் இருப்பவன் மறுபேச்சில்லாமல் முன்னால் போக வேண்டும். அதுதான் முறை, அதுதான் மரியாதை.

ராஜா முகம்மதுவுக்குப் பின்னால் போனால் ஏதோ லாரிக்குப் பின்னால் போகிற சுகம். ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்கிற கூட்டம்தானே நம் கூட்டம்? அவர் முழங்கையை வெட்டி வெட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். ஒருத்தனும் முன்னால் வர மாட்டான். டீக்கடை வந்தால் மட்டும் “சூப்பர்ணே” என்பான். சிரிக்காதீர்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

அந்த ஓட்டம் முன்னூறு கிலோமீட்டர். கம்பத்தில் விடியும் முன் கிளம்பி, தேனி, கெங்குவார்பட்டி வழியாகத் திண்டுக்கல் தாண்டிப் போய், அதே வழியில் திரும்பி, நள்ளிரவு ரெண்டு மணிக்குள் கம்பம் வந்து சேர வேண்டும். முந்தைய ரெண்டு வருஷமும் கடைசி நாற்பது கிலோமீட்டரில் காற்று அவரை மடக்கிவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அவர் அம்மியை விடப் பெரிய ஆள், பறக்கவில்லை, ஆனால் நகரவும் இல்லை. ரெண்டு தடவையும் சரக்கு வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தார். அக்கா பெனாசிர் மூன்றாம் வருஷம் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“இந்தத் தடவயும் முடிக்கலேன்னா சைக்கிள யாருக்காச்சும் குடுத்துப்புடுங்க. வருசா வருசம் ஒங்க மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் சைக்கிளைக் கொடுத்துவிட்டு அந்த மனுஷன் எப்படி இருப்பார் என்று அவளுக்கும் தெரியும். அந்தப் பயத்திலாவது முடித்துவிடுவார் என்றுதான் சொன்னாள் என்று அஸ்லம் சொல்வான்.

அன்றைக்கு வீரபாண்டி வரை நாலு பேர் அவர் முதுகுக்குப் பின்னாலேயே வந்தார்கள். வீரபாண்டி தாண்டியதும் இவருக்குப் பஞ்சர். “மெதுவாப் போய்க்கிட்டு இருக்கோம், வாங்கண்ணே” என்றார்கள். மெதுவாகவா போனான்கள்? டியூபை மாற்றி நிமிர்ந்தபோது ஒரு சிவப்பு விளக்குகூடக் கண்ணில் படவில்லை.

வயிறு எரிய எரிய மிதித்தார். சின்னமனூர் போனது. தென்னந்தோப்புகள் பேய் பிடித்த மாதிரி தலையை ஆட்டின. மிதிக்க மிதிக்க ரோடு பின்னால் இழுத்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்… டிக்… டிக்… டிக்…

மிதிக்காமல் சும்மா உருளும்போது சைக்கிளின் பின்சக்கரத்தில் வருகிற சத்தம். அவருக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில். யாரோ ஒருத்தன் அவர் முதுகில் ஒதுங்கிக்கொண்டு, காலை ஆட்டாமல், சுகமாக வருகிறான். விளக்குகூடப் போடவில்லை.

பயமா? இல்லை. அவருக்கு வந்தது ஆத்திரம். இங்கேயும் ஒருத்தனா என்று. திரும்பிப் பார்த்து மரியாதை கொடுக்கக்கூட மனசு வரவில்லை. கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு முன்சக்கரம் தெரிந்தது. அவ்வளவுதான்.

முழங்கையை வெட்டினார். டிக் டிக் டிக். இன்னொரு தடவை வெட்டினார். வேகத்தைக் குறைத்தார், பின்னால் இருப்பவனும் குறைத்தான். ரோட்டின் மறு ஓரத்துக்குப் போனார், அவனும் வந்தான். மணி ஓடிக்கொண்டே இருந்தது. தொடை ரெண்டும் கல்லாகிவிட்டது. கடைசியில் வாயை விட்டுவிட்டார்.

“ஏலே, எம்புட்டு நேரமா முதுகுலயே ஒட்டிக்கிட்டு வர்ற? ஒரு தடவயாச்சும் முன்னாடி வா. நீ வா, நான் ஒம் பின்னாடி வாரேன்.”

டிக் டிக் நின்றது. வலது பக்கமாக ஓர் ஆள் கடந்து போய் முன்னால் சேர்ந்தான். தலை குனிந்திருந்தது. தோள்பட்டை இவரைப் போலவே அகலம். அப்பாடா, நல்ல மறைப்பு என்று அவன் பின்சக்கரத்தில் போய் ஒட்டிக்கொண்டார்.

காற்று நிற்கவில்லை.

சரியாக ஒட்டவில்லை போல என்று இன்னும் நெருங்கினார். காற்று அப்படியே நெஞ்சில் அறைந்தது. இடது பக்கம் நகர்ந்து பார்த்தார், வலது பக்கம் நகர்ந்து பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது என்று அவரே சொன்னார். பின்னால் வந்தும் உபத்திரவம், முன்னால் போயும் உபயோகமில்லை.

அப்புறம்தான் மூக்கு சொன்னது. நாள் முழுக்க ஓட்டியவன் பின்னால் போனால் வேர்வை நாறும், தைலம் நாறும். இவனிடம் ஒன்றுமே இல்லை. அதோ அந்தப் பக்கம் திராட்சைப் பந்தலில் அடித்த மருந்து வாடை… அது நேராக வந்தது. அவனைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. அவன் வழியாக வந்தது.

காற்றை மறைக்க முன்னால் எதுவுமே இல்லை.

கால் நிற்கவில்லை. நிறுத்தினால் அவன் திரும்பிப் பார்ப்பானோ என்று பயம். அந்த நேரம் பார்த்து, முன்னால் போனவன் முழங்கையை வெட்டினான்.

உன் முறை.

பழக்கம் இருக்கிறதே, அது மூளையைக் கேட்பதில்லை. முழங்கை வெட்டினால் முன்னால் போக வேண்டும். போய்விட்டார். கடக்கும்போது முகத்தைப் பார்த்தீர்களா என்று அஸ்லம் பல தடவை கேட்டிருக்கிறான். அதைக் கேட்டால் மட்டும் மனுஷன் எழுந்து கடைக்குக் கிளம்பிவிடுவார்.

முன்னால் போன உடனே காற்று நின்றுவிட்டது. பின்னால் டிக் டிக் சத்தமும் இல்லை. உத்தமபாளையம் கடந்தார், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனார். ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கம்பம். பெனாசிர் வாசலில் நின்றுகொண்டே அழுதுவிட்டாள்.

முடிகிற இடத்தில் போட்டிருந்த பந்தலின் தகரம் பறந்து போயிருந்தது. முன்னால் ஓடிப்போன நாலு பேரும் அவருக்குப் பிறகுதான் வந்தார்கள், இப்படி ஒரு காற்றைப் பார்த்ததே இல்லை என்று புலம்பிக்கொண்டு. வழியில் எங்கேயும் அவரைப் பார்க்கவில்லையாம். இவர், காற்றுதான் நின்றுவிட்டதே என்றார். எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மெடல் வந்தது. சைக்கிள் வீட்டிலேயே இருக்கிறது. சாப்பிடுகிறார், தூங்குகிறார், கடைக்குப் போகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் அவர் பின்னால் போகிறவர்கள் ஒவ்வொருத்தராக விலக ஆரம்பித்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. வாழ்க்கை முழுக்க ஓசிச் சவாரிக்காரர்களைத் திட்டிய மனுஷன், இப்போது பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அஸ்லம் ஒரு நாள் என்னிடம் வந்தான். “மச்சான் மனசு ஒடஞ்சு கெடக்காக. நீயாச்சும் ஒரு நாள் பின்னாடி போடா” என்றான்.

போன ஞாயிறு போனேன். சுருளிப்பட்டி ரோடு, நல்ல எதிர்க்காற்று. அவருடைய பின்சக்கரத்தை ஒரு சாண் விட்டு ஒட்டினேன். அந்தக் கதவு மாதிரி முதுகு என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே கேட்டார்.

“காத்து மறைக்குதாப்பா?”

மறைக்கிறது அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

காற்று நேராக வந்தது. வாய் நிறையப் புழுதி.