கண்ணுக்குள் லீவில்லாத ஆட்கள்

"ஒங்க கண்ணுக்குள்ள இருக்க ஆளுங்களுக்குப் பொறந்ததுல இருந்து லீவே கெடையாதுப்பா" என்று பஸ்ஸின் முன் சீட்டில் ஒரு பெண் சொன்னாள். என் காது தானாக நீண்டது. பக்கத்தில் அவள் அப்பா, டிங்கிப் படகில் மீன் பிடிக்கிறவர். கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறார்கள்.

"யாரும்மா ஆளுங்க?"

"ஒரு புரோட்டீன்ப்பா. உருண்டை உருண்டையா கூடி நிக்கும். கெட்டுப்போன மத்த புரோட்டீன் கட்டி தட்டாம புடிச்சுக்கும். புடிச்சா விடாது."

"அச்சா. அப்ப ஆபரேஷன் எதுக்கு? சொட்டு மருந்து போதும். நான் ஜங்லிகாட்ல எறங்கி வீட்டுக்குப் போயிருதேன்."

"எல்லார் கையும் ரொம்பிட்டுப்பா. புது ஆளும் வராது. அதான் கட்டி தட்டி மங்கிட்டு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "டிங்கில எல்லாரும் வலையப் புடிச்சுக்கிட்டு நின்னா தண்ணிய எவன் எறைப்பான்?"

"அதேதாம்ப்பா."

ஜங்லிகாட் வந்தது. எழுந்தார். ஜன்னல் வழியாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்; ஸ்டாப்பே மங்கலாகத்தான் தெரிந்திருக்கும் போல. உட்கார்ந்துவிட்டார்.

"சலோ, ஆஸ்பத்திரிக்கே போவோம்."

மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட அறிவாளி நான். என் தலைக்குள் இருக்கும் ஆட்கள் பிறந்ததிலிருந்து லீவில்தான் இருக்கிறார்கள். நானும் ஜங்லிகாட்டில் இறங்க வேண்டியவன் என்பது அடுத்த ஸ்டாப்பில்தான் ஞாபகம் வந்தது.