கோகுலன்ர கறுப்புப் பானை

இருங்கோ நிசாந்தினி அக்கா, நிண்டு கதைக்காமல் உந்தக் கதிரையில இருங்கோ. பானை ஒழுகுது, மேசை முழுக்க ஈரம் எண்டுறீங்கள். ஓம், விளங்குது. தண்ணி ஒழுகாமல் கிளேஸ் பூசித் தாறன் எண்டு இந்தச் சுதாஜினி ஏமாத்திப்போட்டாள் எண்டு நெடுங்கேணிச் சந்தையில சொன்னனீங்களாம். அதுவும் என்ர காதில விழுந்தது.

ஆனால் நான் அண்டைக்கே ஏலாது எண்டு சொன்னனான். ஒருக்கா இல்லை, மூண்டு தரம். உங்கட தம்பி கோகுலன் போன வருசம் கிட்னி பழுதாகிச் சாகுமட்டும் இந்த மட்பாண்ட மையத்தில என்னோடதான் வேலை செய்தவன். மரத்தூளுக்கையும் வைக்கலுக்கையும் பானையைத் தாட்டு, புகைய விட்டுத்தான் அந்தக் கறுப்பை எடுப்பான். அது மை இல்லை அக்கா. மண்ணுக்குள்ள ஊறின புகை. கிளேஸ் எண்டால் கண்ணாடி மாதிரி உருகிப் பிடிக்கோணும். அதுக்குக் கரண்ட் சூளையில ஆயிரம் பாகை சூடு வேணும். அந்தச் சூட்டில புகை நிக்குமே? எரிஞ்சு போயிடும்.

இதைப் படிச்சுப் படிச்சுச் சொன்னன். கேட்டனீங்களே? அவன் கடைசியாச் செய்த பானை, அவன்ர படத்துக்கு முன்னால தண்ணி விட்டுப் பூ வைக்கோணும் எண்டு ஒரே பிடி. உள்ளுக்க ஒரு போத்திலை வச்சுப் பூவை வையுங்கோ எண்டன். அதுக்கு அழுதீங்கள். மனேஜரும் வந்து, செத்தவன்ர தமக்கை கேக்கிறா, செய்து குடு எண்டிட்டார். சூளையைப் பற்றி அந்த மனிசனுக்கு என்ன தெரியும்?

இல்லையக்கா, சூளையில வைக்காமல் விடேல்ல. கிளேஸ் பூசி, மெல்ல மெல்லச் சூடேத்தி, கையால பிள்ளையைத் தாங்கிற மாதிரித்தான் பாத்தனான். அடுத்த நாள் பின்னேரம் கதவைத் திறந்தன். வெடிக்கேல்ல. நல்ல மினுக்கம். ஆனால் செங்கல்லு நிறம். கறுப்பு ஒரு பொட்டுக்கும் இல்லை. பூவரசம் இலை வச்சுப் புகைச்சு ஒரு அடையாளம் எடுத்திருந்தானெல்லே, நரம்பு நரம்பாத் தெரியும், அதுவும் அழிஞ்சு போட்டுது. சூளைக்கு முன்னால அப்பிடியே குந்திப்போட்டன். உங்களில கோவமில்லை. எல்லாம் தெரிஞ்சும் தலையாட்டின என்னிலதான்.

பேந்து, சூளை பழுது, ரெண்டு கிழமை பொறுங்கோ எண்டு உங்களுக்கு ஆளனுப்பினனான். நீங்களும் பொறுத்துத்தான் வந்தீங்கள். வந்து, மேசையில இருந்ததைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, தம்பியின்ர மணம் அப்பிடியே இருக்கு எண்டு சொன்னீங்கள். அதுக்குப் பிறகு நான் எந்த வாயால கதைக்கிறது?

நீங்கள் கொண்டுபோனதுக்குக் கிளேஸே பூசேல்ல, அக்கா. அது அந்த ரெண்டு கிழமைக்குள்ள நான் வனைஞ்சு, பூவரசம் இலை வச்சு நான் புகைச்ச பானை. தம்பியின்ர பானை உள்ளுக்க அலுமாரிக்குள்ள கிடக்கு, என்ர பழைய சீலைத்துண்டில சுத்தி வச்சிருக்கிறன்.

இருங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்.