திரையில் ஐந்து, கையில் நாலு

லாரியில் மைலேஜ் காட்டுகிற சின்னத் திரை இருக்கிறதே, அது எப்போதும் கொஞ்சம் பெருமையடிக்கும், பிள்ளையின் மார்க்கைக் கூட்டிச் சொல்கிற அம்மா மாதிரி. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டேங்கை வழிய நிரப்பி, ஓட்டிவிட்டு வந்து மறுபடி வழிய நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை வந்துவிடும். அதுதான் கைக்கணக்கு. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் லேப்டாப்பை வண்டியில் செருகித் திரையைச் சரிசெய்ய வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அது என் வேலை.

நீங்கள் விபத்தான வண்டியின் பிரேக்கைப் பற்றி விசாரிக்க வந்தீர்கள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, புதிதாகப் போட்டது, நானே போட்டேன். சொல்ல வேண்டியது திரையைப் பற்றி. அவசரப்படாமல் கேளுங்கள், டீ ஆறிவிட்டால் வேறு சொல்கிறேன்.

வண்டியை ஓட்டியவன் என் தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பால் பல் கூட விழவில்லை. தலை சீவிவிட்டது நான், ஜுரத்தில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அவனுக்குக் கல்யாணமாகி அந்தப் பெண்ணும் வந்து, என்னை வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் நிம்மதியாகத்தான் இருந்தோம். அவன் வண்டி தெருமுனையில் திரும்புகிற சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்கும்.

கம்பெனி தொலைவில் புதுக் கிளை திறந்தது. மைலேஜ் நன்றாகக் கொடுக்கிற டிரைவருக்கு அங்கே நிரந்தர வேலை, குடியிருக்க வீடு. தம்பி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, அந்த வேலை எனக்குத்தானாம். மேனேஜரே சொல்லிட்டாரு. மைலேஜ் மட்டும் இப்படியே நிக்கணும்."

"அப்ப இந்த வீடு?"

"அதான் நீ இருக்கியே. லீவுக்கு வருவோம்ல."

லீவுக்கு வருவார்களாம். நல்ல விஷயம்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன்.

அடுத்த முறை வண்டி சர்வீசுக்கு வந்தபோது திரையை இறக்கிவைப்பதற்குப் பதிலாகக் கொஞ்சம் ஏற்றிவைத்தேன். திரையில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர், கைக்கணக்கில் நாலு. எங்கள் மேனேஜருக்குத் திரை காட்டுவதுதான் வேதவாக்கு. நடுவில் காணாமல்போன டீசலை டிரைவர் குழாய் போட்டு எடுத்து விற்றிருப்பான் என்பதைத் தவிர வேறு விளக்கம் அவருக்குத் தோன்றாது. முகத்தைச் சுளிப்பார், வேலை வேறொருவனுக்குப் போகும், தம்பி வீட்டோடு இருப்பான். யார் மேலும் ஒரு கீறல் விழாது. நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஆனால் அவன் ரோஷக்காரன். "டீசல் எங்கப்பா போகுது?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டதும் கூனிக் குறுகிப்போனான். திரையும் கைக்கணக்கும் ஒத்துவரட்டும், அப்புறம் பேசலாம் என்று அவர் சொல்லிவிட்டார். நேராக என்னிடம்தான் வந்தான். உள்ளங்கை முழுக்கப் பேனாவால் வகுத்துப் போட்டிருந்தான்.

"அண்ணே, எத்தனை தடவை போட்டாலும் நாலுதான் வருது. திரை தப்பா காட்டுதோ?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமாடா? உன் கால்தான் கனமா இருக்கு."

குனிந்து தன் காலைப் பார்த்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பான். நான் சொன்னதை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அன்றிலிருந்து திரையைத் துரத்த ஆரம்பித்தான். ஏசியை அணைத்தான், வேகத்தைக் குறைத்தான், அதில் போன நேரத்தைத் தூக்கத்தைக் குறைத்து ஈடுகட்டினான். முகம் ஒட்டிப்போயிற்று. கைக்கணக்கு ஏறத்தான் செய்தது. ஆனால் வண்டி நன்றாக ஓடினால் திரையும் கூடவே ஏறும். எத்தனை ஒழுங்காக ஓட்டினாலும் அந்த இடைவெளி மூடாது, லேப்டாப்பால் மட்டும்தான் மூடும். லேப்டாப் என் அலமாரியில் இருந்தது. அவன் பாடுபடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தினமும் ஒரு டம்ளர் பால் கூடுதலாகக் காய்ச்சிக் கொடுத்தேன்.

ஒருநாள் கேட்டான். "அண்ணே, மலை இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமாகும்ல?"

இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இந்த வண்டிகளில் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் இறங்கினால் ஒரு சொட்டு டீசல் செலவாகாது. நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் தன்பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கும். சுமையோடு இறங்கும்போது இன்ஜினும் வண்டியைப் பிடித்து இழுக்காது. எல்லாம் பிரேக்கின் தலையில் விழும், பிரேக் கொதித்துப் போகும். எனக்கு இது அத்துப்படி. ஆனால் சொன்னால் அவன் அதோடு விடமாட்டான். "அப்ப திரை எதை வெச்சுக் கணக்குப் போடுது?" என்று அடுத்து கேட்பான். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வந்தால் என் அலமாரியில் வந்து நிற்பான்.

"பண்ணிப் பாரு," என்றேன்.

போய் வந்தான். பிரேக் டிரம்கள் கருகி நீலம் பாய்ந்திருந்தன. யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன், எந்தத் தம்பிக்கும் எந்த அண்ணனும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டான். எப்படி ஓட்டினாய் என்று மட்டும் கேட்கவில்லை. அடுத்த தடவை அதே இறக்கத்தில் புது பிரேக்கும் பிடிக்கவில்லை. அந்த வேகத்தில் கியரும் விழவில்லை. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்ததாம். வண்டியை ஒடித்து மலைப்பக்கமாக மோதவிட்டிருக்கிறான். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

இப்போது அவனைக் குளிப்பாட்டுவது, முகம் மழிப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். அவ்வப்போது பேனா கேட்பான். உள்ளங்கையில் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலண்ணே," என்பான். விடுடா என்பேன். பின்கட்டுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுவேன். நான் அழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிரேக் கோளாறு என்று நீங்கள் எழுதிவிட்டால் அவன் அதைப் படிப்பான். அண்ணன் வண்டியைச் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டார் என்று நினைப்பான். அதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் உள்ளதைச் சொன்னேன். திரையை ஏற்றியதும் நான், நியூட்ரலில் விடச் சொன்னதும் நான், கருகிய டிரம்மைப் பார்த்த பிறகும் வாயைத் திறக்காததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அவன் மனைவி அவனைத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வந்து நின்றாள், அங்கே நல்ல வைத்தியம் இருக்கிறதாம். "என் தப்பால உன்னையும் கஷ்டப்படுத்த மாட்டேன், அண்ணன் என்னைப் பாத்துக்குவாரு," என்று சொல்லி அவளைத் தனியாக அனுப்பிவிட்டான். போகும்போது அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "அவரை விட்டுடாதீங்க மாமா," என்றாள். அதனால் இதையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் எழுதுங்கள், அவனிடம் மட்டும் காட்டவோ சொல்லவோ வேண்டாம். என்னோடேயே இருந்துவிடுவதாக இப்போதுதான் மனசார ஒத்துக்கொண்டிருக்கிறான்.