அரவை ஜாரை மூன்று முறை அலசச் சொன்னவருக்கு

உணவுப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை ஆய்வாளராகத் தொண்டாற்றி இன்று பணி நிறைவு பெறும் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமார அளிக்கும் மடல்

அளவையில் அறம் கண்டவரே! சொல்லுக்கு முன் சோதனை, சோதனைக்கு முன் சுத்தம் என்று வாழ்ந்து காட்டியவரே! காயும் கனியும் கீரையும் கிழங்கும் எங்கள் கதவைத் தட்டிய முப்பத்தோராண்டு காலத்தில், ஒரு கத்தரிக்காய்க்குக்கூட ஓரவஞ்சனை செய்யாத உள்ளம் படைத்தவரே! தங்களை வணங்கி இம்மடலை வாசிக்கிறோம்.

இயற்கை விளைச்சல் என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பையும், எதுவுமே எழுதாத சந்தைப் பையும் நம் கூடத்தின் ஒரே ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தன. வந்தவுடன் பெயர்ச்சீட்டை உரித்து எண்ணை ஒட்டச் செய்தீர்கள். அதன்பின் அது வெறும் நாற்பது, வெறும் நாற்பத்தொன்று. எந்த எண் யாருடைய வயலில் விளைந்தது என்பது ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் பதிவாளர் ஒருவருக்கே தெரியும்; அவரும் வாய் திறக்கக் கூடாது. "மூஞ்சி தெரிஞ்சா கை சாயும்ப்பா" என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பழக்கினீர்கள்.

விருந்துக்குப் போன இடத்திலும் தங்களை விடமாட்டார்கள். எந்தக் காயை வாங்குவது என்று கேட்டுவிட்டுப் பட்டியலாக அறிவுரை கிடைக்கும் என்று காத்திருப்பவர்களிடம், "எங்ககிட்ட வந்த சாதாக் காய்ல முக்கால்வாசில பூச்சிமருந்து வரம்புக்குள்ளதான் இருந்துச்சு. இயற்கைக் காய்ல மருந்து ரொம்பக் கம்மி, ஆனா பக்கத்து வயல்ல அடிச்சது காத்துல வந்து ஒட்டினதும் உண்டு. எதை வாங்கினாலும் நல்லா அலசிச் சாப்பிடுங்க" என்று முடித்துவிடுவீர்கள். இயற்கை அங்காடிக்காரரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பூச்சிமருந்து வியாபாரியும் தூக்கி வைத்துக்கொள்வார். இருவரையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்ளும் துணிவு தங்களைத் தவிர யாருக்கு வரும்?

அரவை அறையில் தங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் 'மூணு தடவை'. ஒரு மாதிரியை அரைத்து முடித்ததும் ஜாரை மூன்று முறை அலச வேண்டும். முதல் தடவை சோப்பு, இரண்டாம் தடவை வெந்நீர், மூன்றாம் தடவை, ஒட்டிய மருந்தைக் கரைத்தெடுக்கும் கரைப்பான். தங்கள் செருப்புச் சத்தம் கேட்டாலே "மூணு தடவை வருது" என்று கிசுகிசுப்போம். தங்களுக்கும் இது தெரியும். ஒருமுறை பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து எங்கள் வாயை அடைத்தீர்கள்.

இதற்குப் பிறகு தங்கள் பொறுமை, பெருமை, கடமை, கண்ணியம் என்று நான்கு பத்திகள் எழுதியிருந்தேன். தமிழ் நன்றாக வரும் என்று இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். நானும் மோனையைத் தேடித் தேடி எழுதினேன். முந்தாநாள் அதை வாசித்துப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றும் அதில் இல்லை. ஆகவே கிழித்துவிட்டேன். உண்மையை எழுதப் போகிறேன் என்று சக பணியாளர்களிடம் சொன்னபோது பதிவாளர், "எழுதுங்க அண்ணே. என்னையும் சேர்த்தே எழுதுங்க" என்றார். இனி வருவது அரவைப் பொறுப்பாளனாகிய என் சொல்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். நாற்பதாம் எண் திராட்சையை அரைத்து முடித்திருந்தேன். மருந்து நிறையத் தெளித்த திராட்சை என்பது பின்னால்தான் தெரிந்தது. அடுத்தது நாற்பத்தொன்றாம் எண், ஒரு கட்டுக் கீரை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். கீரையைக் கொண்டுவந்த பதிவாளர் வாய் தவறி, "இது இயற்கைக் கீரைண்ணே, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார். இயற்கைதானே, இதில் என்ன இருக்கப் போகிறது என்று நானும் ஜாரை ஒரே ஒரு முறை நீரில் அலசிவிட்டு அரைத்தேன். சந்தைக் கீரையாக இருந்திருந்தால் மூன்று முறை அலசியிருப்பேன். சுத்தமானது என்று நம்பியதாலேயே அதை அழுக்காக்கினேன்.

கீரையில் பூச்சிமருந்து இருப்பதாக அறிக்கை போயிற்று. அந்த விவசாயியின் இயற்கைச் சான்றிதழ் ரத்தானது. அவர் நம் ஜன்னலுக்கு வந்து நின்று, "பதினோரு வருஷமா ஒரு சொட்டு மருந்து என் நிலத்துல விழுந்ததில்ல மேடம்" என்றார். மீதியிருந்த விழுதைத் தாங்கள் மறுபடி சோதித்தீர்கள். விழுதிலேயே மருந்து கலந்திருந்ததால் அதே விடைதான் வந்தது. ஆனால் தாங்கள் விடவில்லை. முந்தைய எண்ணின் அறிக்கையைப் புரட்டினீர்கள். திராட்சையில் இருந்த அதே மருந்து கீரையிலும் இருப்பதைக் கண்டீர்கள்.

அன்று அரவை அறைக்கு வந்து, கோபமே இல்லாமல் கேட்டீர்கள்: "ஜாரை எத்தனை தடவை அலசினீங்க?"

"மூணு தடவை மேடம்" என்றேன். பதிவாளர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

தாங்கள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள். மறுநாள், ஜாரிலிருந்து ஒட்டியிருக்கலாம் என்றும், மேற்பார்வை தங்களுடையது என்றும், தவறும் தங்களுடையது என்றும் எழுதி அறிக்கையைத் திரும்பப் பெற்றீர்கள். தங்கள் பணிப் பதிவேட்டில் 'மேற்பார்வைக் குறைபாடு' என்று சிவப்பு மையில் ஏறியது. அடுத்த ஆண்டு தங்களுக்கு வர வேண்டிய இயக்குநர் நாற்காலி வேறொருவருக்குப் போனது. அன்று முதல் இன்று வரை மாலையில் கடைசி ஜாரைத் தாங்களே அலசினீர்கள். குழாய் மூன்று முறை திறந்து மூடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள்கூட எழுந்து வந்து சொல்லவில்லை.

சென்ற ஆண்டு தங்கள் மகள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். தாங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள். "ஒண்ணு கேக்கலாமா அங்கிள்? அம்மா நெஜமாவே அன்னைக்குக் கவனிக்காம விட்டுட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். இப்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த மகளுக்குச் சொல்கிறேன்: இல்லை அம்மா. உன் அம்மா கவனித்தார். நான்தான் பொய் சொன்னேன்.

நேற்று நானும் பதிவாளரும் அந்த விவசாயியின் வீட்டுக்குப் போனோம். பாதி நிலத்தில் இப்போது மருந்து தெளிக்கிறார். சான்றிதழ் திரும்பி வந்தபோது பழைய அங்காடிகள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டிருந்தன. நடந்ததைச் சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவரோ, "மேடம் அப்பவே வந்து சொன்னாங்களே, தப்பு எங்க பக்கம்னு. யாரு பண்ணதுன்னு கேட்டேன். நான்தான்னாங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

இன்று காலை எங்கள் இருவர் கையெழுத்துடன் உண்மை முழுவதையும் இயக்குநரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். தங்கள் பதிவேட்டிலிருந்து அந்த வரியை நீக்கக் கோரியிருக்கிறோம். எங்களுக்கு வருவது வரட்டும். போன நாற்காலியை எங்களால் திருப்பித் தர முடியாது. அந்தக் கீரைக் கட்டையும் முடியாது.

ஆய்வின் அன்னையே! இனியேனும் தாங்கள் தாமதமாக எழுந்து, வேண்டிய காயை வேண்டிய கடையில் வாங்கி, எண் ஒட்டாமல் சமைத்து, மகளோடு அமர்ந்து நிறைவாக உண்ண வேண்டும். நோயும் நொடியும் அண்டாது, மனம் நோகாது, நெடுங்காலம் வாழ வேண்டும். மன்னிப்பைக் கேட்கும் தகுதி எங்களுக்கில்லை; ஆனாலும் கேட்கிறோம்.

சட்டமிட்ட இம்மடலின் ஒரு படி தங்களுக்கு. இன்னொன்றை அரவை அறையில், ஜார் அலசும் தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும்.

தாங்கள் அன்று கேட்ட கேள்விக்கு, ஆறு ஆண்டு தாமதமாக, என் பதில்:

ஒரு தடவைதான், மேடம்.

இப்படிக்கு,
அரவைப் பொறுப்பாளன்,
ஜன்னலோரப் பதிவாளர்,
மற்றும் பரிசோதனைக் கூடப் பணியாளர்கள் அனைவரும்