இடப்பக்க முன்சக்கரம்

டீ நன்றாக இருக்கிறது சார். போலீஸ் ஸ்டேஷன் டீ குடிக்கிற மாதிரி இருக்காது என்று கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் நானே ஒரு துணுக்கு எழுதியிருக்கிறேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தப்பு என்று தெரிந்தால் திருத்திவிட வேண்டும். இன்றைக்கு நான் வந்திருப்பதும் ஒரு திருத்தத்துக்காகத்தான்.

நேற்றுப் பேப்பரில் நாலாம் பக்கம். பாம்பன் பாலத்தில் கார் லாரியில் மோதி ஒரு பெண் இறந்தார், ஒர்க்‌ஷாப்காரர் கைது என்று போட்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் சரி. அடுத்த வரியில், 'சஸ்பென்ஷனைச் சரியாகப் பழுது பார்க்காததே காரணம்' என்று இருக்கிறது. அந்த வரி தப்பு.

என் பெயர் குருநாதன். வயது இருபத்திரண்டு. பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன், முடித்திருக்கிறேன் என்றால், மூன்று பேப்பர் பாக்கி. வண்டியை ஓட்டிய மூக்கையா என் தாய்மாமன், நயினார்கோவில் பக்கம் மிளகாய் விவசாயம். இறந்துபோன நாகலெட்சுமி அவர் சம்சாரம், என் அத்தை. நீங்கள் உள்ளே வைத்திருக்கும் ஹமீது சுல்தான் பாய் ஒர்க்‌ஷாப்பில்தான் நானும் மாமாவின் வண்டிக்காக இரண்டு மாதம் கிடந்தேன்.

அது 1957-ல் சீமையில் செய்த வண்டி. கூரை கிடையாது. ரெண்டே சீட்டு. ராமேசுவரத்தில் ஒரு பங்களா வாசலில் பதினெட்டு வருசம் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது. மாமா அதை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மூக்கையாண்ணே, இது ரோட்டுல போறதா, தண்ணியில போறதா?"

"ஒமக்குத் தெரியலைன்னா எம் மருமகன் பாத்துக்கிருவான். அவன் பிசிக்ஸு" என்றார் மாமா. பிறகு என் தோளில் கை போட்டு, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "மருமகனே, இது மட்டும் ஓடிருச்சுன்னா மொத ஓட்டம் ஒனக்குத்தான்."

இந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சார். வழக்குக்கு உதவும்.

இஞ்சின் மூன்றாம் நாளே பேசிவிட்டது. பேசாதது சஸ்பென்ஷன். முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஒரு இரும்புக் கை, கீழே ஒரு இரும்புக் கை பிடித்திருக்கும். நடுவில் தொடை தண்டிக்கு ஒரு சுருள் ஸ்பிரிங். கீழ்க்கையையும் சக்கரத்தையும் சேர்க்கிற இடத்தில் கட்டைவிரல் கனத்தில் ஒரு போல்ட். அதைக் கழற்றினால்தான் மற்றதெல்லாம். வலப்பக்கத்துப் போல்ட் துருவேறிக் கையோடு கையாக ஒட்டிப்போயிருந்தது. டீசல் ஊற்றினோம். மண்ணெண்ணெய் ஊற்றினோம். காஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சினோம். எட்டு ராத்தல் சுத்தியலுக்குப் பிடி மாற்றினோம், மூன்று தடவை. போல்ட் எங்களை மதிக்கவில்லை.

இதற்கிடையில் ஊர் முழுக்க யோசனை சொன்னது. டீக்கடைக்காரர் சுடுதண்ணீர் என்றார். ஏர்வாடிக்கு ஆள் ஏற்றுகிற வேன் டிரைவர் வந்து, "வேற போல்ட்டு வாங்கிர வேண்டியதுதானே" என்றார். பழசு வெளியே வந்தால்தானே புதுசு உள்ளே போகும் என்பதைக் கேட்டுவிட்டு, அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் ஸ்பிரிங் ஜாக்கியிலிருந்து நழுவி, கூரைத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துச் சைக்கிள் கடையில் விழுந்தது. சைக்கிள் கடைச் சின்னச்சாமி அதைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது கூடவே ஒரு யோசனையும் கொண்டுவந்தார்.

யோசனை சொல்லாத ஒரே ஆள் அத்தைதான். தினமும் நயினார்கோவில் பஸ் கண்டக்டரிடம் டிபன் கேரியர் கொடுத்துவிடுவார். மேல் அடுக்கில் எப்போதும் ரெண்டு அவிச்ச முட்டை. ஒன்று எனக்கு, ஒன்று பாய்க்கு.

நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் போல்ட் 'டிக்' என்றது. கால் நூல் நகர்ந்திருந்தது. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்தது. துரு விழுந்துவிட்டது என்று சொன்னேன். பாதி அதுவும்தான்.

லேத்தில் புதுப் போல்ட் கடைந்து, பித்தளை புஷ் போட்டு, வலப்பக்கத்தை நானே பூட்டினேன். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் மயிரிழை ஆட்டம் கிடையாது. இடப்பக்கம் ரெண்டே நாளில் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாயிடம் ஒரு வழக்கம் உண்டு சார். யார் வேலை செய்தாலும் ஒவ்வொரு நட்டுக்கும் கடைசி முறுக்கு அவர் கைதான். பிஸ்மி சொல்லி முறுக்குவார். நட்டு தானாகச் சுழலாதபடி குறுக்கே காட்டர் பின் செருகி, அதன் கால்களை மடக்கிவிடுவார். மேலே சாக்கட்டியில் ஒரு கோடு. "நாளப்பின்ன ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான் கேக்கணும் தம்பி. ஒங்க பேரெல்லாம் வரக்கூடாது" என்பார். மற்றவர்களுக்கு இது பெருந்தன்மையாகத் தெரியும். நாற்பத்தொரு நாள் என்னுடையது, கடைசி முறுக்கு மட்டும் அவருடையதா என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் எனக்கு யார் மேலும் கோபம் வராது.

போன வெள்ளிக்கிழமை காலையில் மாமா பட்டு வேட்டியில் வந்தார். நேரே ராமேசுவரம் கோயிலுக்குப் போய் வரப்போவதாகச் சொன்னார். "மொத ஓட்டம்..." என்று ஆரம்பித்தேன்.

"போடா கோட்டிப்பயலே. ரிப்பேருக்காரன் எங்கிட்டாவது மொத ஓட்டம் ஓட்டுவானா? நீ பஸ்ஸப் பிடிச்சு வா."

"பக்கத்து சீட்டு இருக்குல்ல மாமா."

"அதுல பூசைத்தட்டு இருக்குலே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பார்த்தால் உண்மையிலேயே தட்டு இருந்தது. ரெண்டு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், பத்தி.

மாமா பூசணிக்காய் வாங்கப் போனார். பாய் ஜும்மாவுக்குப் போனார். நான் கிரீஸ் துடைக்கிற சாக்கில் வண்டிக்கு அடியில் போனேன். கீழ்க்கைப் போல்ட்டின் காட்டர் பின்னை நேராக்கி உருவினேன். நட்டை நாலு சுற்றுத் தளர்த்தினேன். சாக்கட்டிக் கோடு அழிந்துவிட்டதால் திரும்பப் போட்டேன். பாய் போடுவதைவிட நேராக வந்தது.

இடப்பக்கத்தில்தான் செய்தேன். வலப்பக்கத்தைத் தொட மனசு வரவில்லை. நாற்பத்தொரு நாள் சார்.

யாரையும் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நடுரோட்டில் வண்டி முட்டி போட வேண்டும், மாமா பட்டு வேட்டியோடு ஓரமாக நிற்க வேண்டும், ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். என் கணக்குப்படி அந்த நட்டு, பாலத்துக்கு வெகு முன்னால் வருகிற உச்சிப்புளியைத் தாண்டாது. பாலம் வரைக்கும் தாங்கியிருக்கிறது. வேலையின் தரம் எப்படி என்று இதிலிருந்தே தெரியும்.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருக்கும்போது அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கடைசி நாள் என்பதால் கேரியரைத் தானே எடுத்து வந்திருந்தார். மாமாவுக்குத் திடீரென்று உற்சாகம். "ஏறு புள்ள, தட்ட மடியில வச்சுக்க" என்றார்.

அத்தை மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏலே குருநாதா, நான் ஏறலாமா? என்னையத் தாங்குமா இது?"

டீக்கடைக்காரர், வேன் டிரைவர், சைக்கிள் கடைச் சின்னச்சாமி, தொழுகை முடிந்து வந்த பாய், எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சின்னச்சாமி உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

"தாங்கும் அத்தை, ஏறுங்க. நானே செஞ்சது."

அத்தை தட்டை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் உட்கார்ந்தார். வண்டி நகரும்போது திரும்பி, "சாப்புட்ருலே, ஆறிப்போகும்" என்றார்.

சாப்பிட்டேன். வாளைக் கருவாட்டுக் குழம்பு. உப்பு சரியாக இருந்தது. பாய் தன் முட்டையையும் எனக்கே வைத்துவிட்டார், அன்றைக்கு நான் ஜெயித்த நாள் என்று.

ரெண்டரை மணிக்கு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. பாலத்தின் நடுவில் இடது சக்கரம் மடங்கி, வண்டி சுழன்று எதிரே வந்த மீன் லாரியில் அத்தை பக்கமாக மோதியிருக்கிறது. மாமாவுக்கு மூன்று விலா எலும்பு மட்டும்.

ஆஸ்பத்திரியில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தப் பாய் கைய வச்சுக் கெடுத்துட்டான்டா. கடைசியா நீ முறுக்கியிருந்தா அவ இருந்திருப்பாடா." வருத்தமான நேரம்தான். ஆனாலும் ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் பாயிடம் கேட்டது ஒரே கேள்விதானாம், கடைசியாக முறுக்கியது யார் என்று. அவர் "நான்தான்" என்றாராம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். என் பெயரே எடுக்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்காரி நூர் நிஷா வந்து நின்றார். "தம்பி, நீங்க கூடவே இருந்தீங்கள்ல. அவுக மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாலு நாள் யோசித்தேன். நேற்றுப் பேப்பர் வந்தது.

பாயை விட்டுவிடுங்கள். கடைசி முறுக்கு என்னுடையது. கழற்றுகிற பக்கமாகத்தான், ஆனாலும் என்னுடையது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். பேப்பர்காரர்களிடம் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

நம்பிக்கை இல்லையென்றால், வண்டி உங்கள் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. இடப்பக்கம் ஒன்றும் மிச்சமில்லை. வலப்பக்கச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள் சார். ஆட்டமே இருக்காது.