ஒல்லியின் முகம்

சாயங்காலம் ஏழு மணி. கடைசிப் பேருந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது. இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர், நடுவில் ஆள் நடமாட்டமில்லாத சாலை... அதில் ஒரு மனிதர் தனியாக வீட்டுக்கு நடக்கிறார். கிட்டே வந்து உட்காருங்கள், கத்திச் சொல்ல என்னால் ஆகாது. இது நம் பணிமனை மெக்கானிக்கின் சித்தப்பாவுக்கு நடந்தது.

"ரீல் விடாதண்ணே" என்று இவன் இப்போதே ஆரம்பித்துவிட்டான். முழுசாகக் கேள், அப்புறம் சிரி.

சித்தப்பா பட்டாளத்தில் இருந்தவர். போர்முனைக்குக் கேமரா கொண்டுபோனார். ஃபிலிம் தீர்ந்ததும் பென்சில். பதுங்குகுழியில் வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டுமே! அதனால் ஆளைப் பார்க்கமாட்டார், தாளில் விழும் கோடுகளை மட்டும் பார்ப்பார். வேலை முடிந்த பிறகுதான் முகத்தை முழுசாகப் பார்ப்பது.

கூட இருந்த எல்லாரும் படத்தில் விழுந்தார்கள், ஒல்லியைத் தவிர. அடுத்த தெருப் பையன், அப்போது வயது இருபத்து மூன்று. கேமராவைக் கண்டால் கையால் முகத்தை மூடிக்கொள்வான்.

"வேணாம்ணே. இந்த மூஞ்சியப் பாத்தா அம்மா அழுவாங்க."

குண்டு விழுந்த அன்று சித்தப்பாதான் அவனைப் புதைத்தார். அவசர அவசரமாக... அப்படியே பின்வாங்கி ஓடிவந்தார்கள்.

இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கூட்டாளிகள் ஒருத்தரும் மிச்சமில்லை. சித்தப்பா ஒண்டிக்கட்டை. ஒல்லியின் அம்மா மட்டும் வழியில் பார்த்தால் விடமாட்டார்.

"கண்ணு மங்கிட்டே வருது தம்பி. அதுக்குள்ள அவன் மூஞ்சிய ஒரு தடவ காட்டிடுப்பா."

இவரும் வரைவார், கிழிப்பார். காது வரும், கழுத்து வரும்... முகம் மறந்தே போய்விட்டது. அதை அந்தம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்கு அந்தச் சாலையில் நடந்து வந்து வீட்டுக் கதவைத் திறந்தால்... ஈர மண் வாசனை. முக்காலியில் யாரோ. கையால் முகத்தை மூடிக்கொண்டு.

கை மெல்ல இறங்கியது.

"வரைங்கண்ணே."

சித்தப்பா பயப்படவில்லை. சந்தோஷப்பட்டார்! மனிதர் அவ்வளவு தனியாகக் கிடந்திருக்கிறார். பென்சிலின் சரசரப்பு... நடுநடுவே தரையில் பொலபொலவென்று மண் உதிரும் சத்தம். கடைசிக் கோட்டை இழுத்து நிமிர்ந்தால் முக்காலி காலி. படத்தைக்கூடப் பார்க்காமல் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினார்.

அந்தம்மா விளக்கடியில் தாளை மூக்கருகே பிடித்தார். சிரித்தார். "என் புள்ளதான்... என் புள்ளயேதான்." படத்தைத் தடவிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. "நரைச்சிருக்கே தம்பி. கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கு."

அப்போதுதான் சித்தப்பாவும் எட்டிப் பார்த்தார். ஐம்பதை நெருங்கிய முகம்.

அந்தம்மா கத்தவில்லை, அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நீ மண்ணத் தள்ளுறப்ப... அவனுக்கு மூச்சு நின்னுடுச்சுதானப்பா?"